சாயத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தாலும் நிறம் வருகிறது, என்ன செய்வது?

மதுரையில் சின்னதாகச் சுங்குடிச் சாயப்பட்டறை வைத்திருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகள், சேலை அலசிய தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்துப் பள்ளிக் கண்காட்சியில் காட்ட ஆசைப்படுகிறாள். வேட்டித்துணியை நான்காக மடித்து வடித்தோம். நூல் பிசிறு நின்றது, சிவப்பு நிற்கவில்லை. அப்புறம் பழைய குக்கரில் முக்கால் பங்கு ஊற்றி, வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் ரப்பர் டியூப் மாட்டினோம். டியூப்பில் ஈரத்துணி சுற்றினோம். முதல் சொட்டுகள் பளிங்கு மாதிரி விழுந்தன. கால் மணி நேரத்தில் டம்ளர் ரோஜா நிறமாகிவிட்டது. சாயமும் ஆவியாகிறதா? பிள்ளை முகம் வாடிப் போச்சு.

பதில் 1
அண்ணே, முதலில் குக்கரை நிறுத்துங்கள். நுரையும் பிசிறும் மூக்கை அடைத்தால் வெடிக்கக்கூடும். சாயம் ஆவியாகவில்லை. தண்ணீர்தான் ஆவியாகிறது, கொதி துள்ளும்போது சாயத் துளிகளை ஆவி இழுத்துக்கொண்டு வருகிறது. அலசலில் சோப்பு போட்டீர்களா?

கேட்டவர்
ஆமாம் தம்பி, கடைசிக்கு முந்தின அலசலில் போடுவோம். குக்கருக்குள் நுரை பொங்கித்தான் கிடந்தது.

பதில் 1
அதுதான் காரணம். சோப்பு போடாத அலசல் தண்ணீரை எடுங்கள். சமையலுக்குத் திரும்ப எடுக்காத அகலப் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் போதும். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம். மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்துக்கு நேராக வரும்படி வைத்து, மேலே ஐஸ் போடுங்கள். தீ சிம்மில் இருக்கட்டும். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஆவி மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும்.

பதில் 2
நிறம் போனதும் உப்பும் போச்சு என்று நினைக்காதீர்கள். சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் போட்டிருப்பீர்களே. வடித்த தண்ணீரில் ஒரு சொட்டை கரண்டியில் விட்டு வற்ற வையுங்கள். வெள்ளைத் தடம் இருந்தால் துளி தெறித்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கேட்டவர்
பட்டறைத் தண்ணீர் முழுக்க இப்படி மீட்க முடியுமா?

பதில் 2
கட்டாது அண்ணே. ஒரு லிட்டரைச் சூடாக்கி ஆவியாக்கவே சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 15 லிட்டர் குடத்துக்குப் பத்து யூனிட்டைத் தாண்டும். நம்ம ஊர் வெயிலை நம்பிக் கண்ணாடி மூடிய தொட்டி வைத்தாலும், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர்தான். திருப்பூர் சாயப்பட்டறைகளில் பெரும்பகுதியை ஆர்.ஓ. சவ்வில் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் மெல்லிய படலம்) பிரித்துவிட்டு, மிஞ்சும் உப்புநீரை மட்டும்தான் ஆவியாக்குகிறார்கள்.

கேட்டவர்
நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அரை டம்ளர். துளி நிறமில்லை, கரண்டியிலும் தடமில்லை. மிச்சத்தையும் வற்ற வைத்தபோது பாத்திரத்தின் அடியில் சிவப்பு உப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்கிறாள். ரொம்ப நன்றி தம்பிகளா.