மறு: கொரிய 'போன்க்வான்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'கோத்திரம்' என்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். போன்க்வான் என்பது ஒரு வம்சம் தொடங்கியதாகக் கருதப்படும் ஊர், குடும்பப்பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்வார்கள். கோத்திரம் ஒரு ரிஷியிடம் போய் நிற்கும். போன்க்வான் ஓர் ஊரில் போய் நிற்கும். கொரியாவில் குடும்பப்பெயரை மட்டும் சொன்னால் வம்சம் தெரியாது. கிம்ஹே ஊர்க் கிம் வேறு, க்யொங்ஜு ஊர்க் கிம் வேறு.

நான் எழுதிக்கொண்டிருப்பது ஹ்வாசான் யீ வம்சம் பற்றி. 'யீ அரிதான குடும்பப்பெயர்' என்று எழுதினால் சிரிப்பார்கள். தென்கொரியாவில் கிம்முக்கு அடுத்து அதுதான்: 2015 கணக்கெடுப்பில் சுமார் 73 லட்சம் பேர். அதில் ஜொன்ஜு யீ மட்டுமே 26 லட்சம். ஹ்வாசான் யீயோ, 2000 கணக்கெடுப்பில் 230 குடும்பங்கள், 1,775 பேர், அவ்வளவே. அரிதாக இருப்பது பெயரல்ல, பெயரும் ஊரும் சேர்ந்த அந்தக் கூட்டு. அதற்கு ஒரு சொல் இல்லாமல் அட்டவணைக்குத் தலைப்புகூடப் போட முடியவில்லை.

இவர்களுடைய கொடிவழி வியட்நாமில் தொடங்குகிறது. 1225-ல் லீ அரசமரபிடமிருந்து ட்ரான் குடும்பம் ஆட்சியைப் பறித்தது. இளவரசர் லீ லோங் துவோங் கடல்வழியே தப்பி, கொரியாவின் மேற்குக் கரையில் ஒங்ஜின் பக்கம் ஒதுங்கினார் என்பது வம்சத்தார் சொல்லும் வரலாறு. மங்கோலியப் படையை எதிர்த்து நின்றதற்காக கொர்யோ (அன்றைய கொரிய அரசு) மன்னர் கோஜொங் அவருக்கு 'ஹ்வாசான்' பட்டம் கொடுத்தாராம். வியட்நாமிய லீக்கும் கொரிய யீக்கும் சீன எழுத்து ஒன்றே என்பதால் பெயர் மாறவில்லை, ஊர் மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டது. ஒங்ஜின் இன்று வடகொரியாவில் இருப்பதால், மேலே சொன்ன எண்ணிக்கை தெற்கே இருப்பவர்களுடையது மட்டும்.

வியட்நாமிலோ 1232-ல் லீ குடும்பத்தார் எல்லாரும் நுயென் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என ட்ரான் அரசு உத்தரவிட்டது. சொந்த மண்ணில் அழிக்கப்பார்த்த பெயர் அந்நிய மண்ணில் பிழைத்துக்கொண்டது. 1995-ல் கொரியாவிலிருந்து வம்சத்தார் போய், லீ மன்னர்களின் ஊரான தின் பாங்கில் முன்னோர் கோயிலில் வணங்கி வந்தார்கள்.

> 'பூர்வீகம்', 'குடிமூலம்', 'முதலூர்'

பூர்வீகம் என்றால் நாம் தாத்தா ஊரோடு நின்றுவிடுவோம். ஜொன்ஜு யீ ஒருவர் பத்துத் தலைமுறையாகச் சியோலில் இருந்தாலும் ஜொன்ஜு யீதான். 'மூலம்' என்றாலே சுவரொட்டி மருத்துவர்கள் நினைவுக்கு வருகிறார்கள், விட்டுவிடலாம். முதலூர் என்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஊரே இருக்கிறது.

நம்மிடம் இதற்கு மிக நெருங்கியது நகரத்தார் வழக்கு. 'நீங்கள் எந்தக் கோயில்?' என்று கேட்டால் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஊரைத்தான் சொல்வார்கள். பொதுவாக ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுப்பதில்லை. கொரியாவிலும் ஒரே பெயரும் ஒரே போன்க்வானும் உள்ளவர்கள் மணக்கச் சட்டமே தடுத்தது. 1997-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் 'கோயில்' என்ற சொல்லை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

ஆகவே என் பரிந்துரை 'குலவூர்'. 'யீ குடும்பப்பெயர், ஹ்வாசான் குலவூர்', 'குலவூர்வாரி மக்கள்தொகை' என்றெல்லாம் வாக்கியத்தில் தடங்கலில்லாமல் உட்காருகிறது. ஒரே சிக்கல்: கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹொவும் பெயர் வேறானாலும் பழங்கால சுரோ மன்னர், கடல்கடந்து வந்ததாகச் சொல்லப்படும் அவருடைய ஹொ அரசி ஆகியோரின் வழி என்பதால் மணந்துகொள்ளாத மரபு. இந்த உறவுக்குத் தனிச்சொல் வேண்டுமா, 'உடன்குலவூர்' போதுமா? அரசி தமிழ்நாட்டுக்காரியா என்ற வழக்கை மட்டும் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.