மறு: ஊசியிலை மரவேரில் வாழும் பூஞ்சைக்கு என்ன பெயர்?

> வேளாண்துறையில் ‘வேர் உட்பூசணம்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. பைன் மரத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். வேண்டாம் என்றே சொல்வேன். நம் விவசாயிகள் ‘வேம்’ (VAM) என்று ஒரு பூஞ்சை உரத்தை வாங்கிப் போடுகிறார்களே, அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். சோளத்திலும் பருத்தியிலும் அந்தப் பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து கிளைவிடுகிறது. பைன், ஸ்புரூஸ் மரங்களில் உள்ளது வேறு வகை. நுனிவேரை வெளியிலிருந்து போர்த்திக்கொண்டு, செல்களின் இடுக்கில் மட்டும் வலையாகப் பரவும். அதை ‘உட்பூசணம்’ என்றால் படிக்கிற பிள்ளைக்குப் படமே தலைகீழாகப் பதியும்.

மரத்துக்கு உதவும் இந்தப் பூஞ்சையைப் ‘பூசணம்’ என்பதும் உறுத்துகிறது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம் ‘உங்கள் மரத்து வேரில் பூசணம் இருக்கிறது’ என்றால், வேரழுகல் என்று பதறி மருந்துக் கடைக்குத்தான் போவார். 1885இல் ஜெர்மானியத் தாவரவியலர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இதற்கு ‘மைக்கோரைசா’ (mycorrhiza) என்று பெயரிட்டபோது, பூஞ்சையும் வேரும் சேர்ந்த ஒரே உறுப்பு என்பதைத்தான் அழுத்திச் சொன்னார். ஆகவே ‘பூஞ்சைவேர்’. பைனுக்குப் ‘புறப்பூஞ்சைவேர்’, சோளத்துக்கு ‘அகப்பூஞ்சைவேர்’.

> ‘ஊசியிலைப் பூஞ்சைவேர்’ இன்னும் தெளிவாக இருக்குமே?

இருக்காது, அம்மா. சைப்ரஸும் ஜூனிப்பரும் பைனைப் போலவே கூம்புத் தாவரங்கள்தான் (conifers), ஆனால் அவற்றுக்கு அகவகை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவரமான நாகியா வாலிச்சியானாவுக்கு ஊசியிலையும் கிடையாது, புறவகையும் கிடையாது. கொடைக்கானலில் நாம் பார்க்கும் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

பூஞ்சைவேரின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் மாசுதான். ஆலைப்புகையின் கந்தக டையாக்சைடு முதலில் இலையைத் தாக்குகிறது. ஒளிச்சேர்க்கை குறைந்தால் வேருக்கு இறங்கும் சர்க்கரையும் குறையும். அதை நம்பியிருக்கும் பூஞ்சை பட்டினி கிடக்கும். அமில மழை மண்ணிலிருந்து கால்சியத்தை அரித்துக்கொண்டு போய், அலுமினியத்தைக் கரைத்துவிடுகிறது. நைட்ரஜன் மிகுந்து விழும் காட்டில், மரத்துக்குப் பூஞ்சையின் உதவி தேவைப்படுவது குறைந்து சர்க்கரை தருவதையும் குறைத்துக்கொள்கிறது. நெதர்லாந்துக் காடுகளில் இவ்வகைக் காளான்கள் அருகியதற்கு இது முக்கியக் காரணம். முதலில் அடிவாங்குவது மண்ணுக்குள் தூரம் ஓடும் இழைகள். அவற்றை ‘மண்ணிழை’ என்போம். போர்வையை ‘வேருறை’ என்போம். துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களைத் தன் செல்சுவரில் பிடித்துவைத்து, மரத்துக்குள் போகாமல் பெருமளவு தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இடுக்கு வலைக்கு ஜெர்மானியத் தாவரவியலர் தியோடர் ஹார்ட்டிக்கின் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. அவர் பெயரை எடுக்காமல் ‘ஹார்ட்டிக் வலை’ என்றே விடலாம்.

> மாசினால் நேர்வதற்குப் ‘பூஞ்சைவேர் அழிவு’ என்று போட்டிருக்கிறேன்.

‘குலைவு’ என்று மாற்றக் கேட்கிறேன். பல இடங்களில் பூஞ்சை முற்றாக அழிவதில்லை. மென்மையான இனங்கள் போய், தாங்கும் இனங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. பெல்ஜியத்தின் லொம்மெல் பகுதியில், துத்தநாக உருக்காலை கெடுத்த மண்ணில், சுய்யஸ் லூட்டியஸ் என்ற பைன் காளான் துத்தநாகத்தைத் தாங்கும் வழித்தோன்றல்களாகவே மாறியிருக்கிறது. ‘அழிவு’ என்று எழுதினால் இந்தச் செய்திக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

கொடைக்கானல் மலையில் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும், மண்ணில் தங்கிய பாதரசம் பேச்சாகவே இருக்கிறது. அந்த மண்ணின் உயிர்களைப் பற்றி நாளை ஒரு மாணவி தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தச் சொற்கள் கைக்கு எட்ட வேண்டும்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க: பூஞ்சைவேர், புறப்பூஞ்சைவேர், அகப்பூஞ்சைவேர், வேருறை, மண்ணிழை, ஹார்ட்டிக் வலை, பூஞ்சைவேர்க் குலைவு. ‘வேருறை’ வேர்நுனி மூடியோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் ‘பூஞ்சையுறை’ பற்றிக் கருத்துச் சொல்லுங்கள். அதை மாற்ற எனக்குத் தடையில்லை.