சோலார் போட்டால் பூமி 2000 கோடி பேரைத் தாங்குமாம்!

#1 மின்கம்பம்

நேற்று கோடை மின்வெட்டு இழையில் ஒளிமயம் என்கிற தம்பி ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே தருகிறேன்: "சூரியன் இருக்கும்வரை ஜனத்தொகை ஒரு பிரச்சினையே இல்லை. சோலாரும் பேட்டரியும் வந்த பிறகு இந்தப் பூமி 2000 கோடி பேரைத் தாங்கும்."

படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. 31 வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். சரி, கேட்கிறேன். 1951ல் தமிழ்நாட்டில் 3 கோடிப் பேர். 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி. இந்த அறுபது வருடத்தில் மழை இரண்டு மடங்கு பெய்ததா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருடம் சென்னையில் சூரியன் லீவா தம்பி?

இத்தனைக்கும் நாம் பிள்ளை பெறுவதைக் குறைத்துக்கொண்ட மாநிலம். பெண்ணுக்கு 1.4 குழந்தைதான். அதற்கே இந்தப் பாடு. இவர் 2000 கோடிக்குப் பந்தி போடுகிறார்.

#2 ஒளிமயம்

ஐயா, என் பெயரைப் போட்டுத் தனி இழையே தொடங்கியதற்கு நன்றி.

ஜனம் பெருகினால் சோறு பத்தாது என்று 1798லேயே மால்தஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இதைத்தான் சொன்னார். அப்போது உலகத்தில் 100 கோடிப் பேர்கூட இல்லை. 1968ல் பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியலாளர், இன்னும் சில வருடங்களில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று எழுதினார். இந்தியாவைக் கைகழுவிவிடலாம் என்கிற அளவுக்கு அன்று பேச்சு ஓடியது. நடந்தது என்ன? சி. சுப்பிரமணியம் விவசாய அமைச்சர், எம்.எஸ். சுவாமிநாதன் விதையோடு நின்றார், நாம் சோறு சாப்பிட்டோம். அதே எர்லிக் 1980ல் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பந்தயம் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், ஐந்தும் பத்து வருடத்தில் விலை ஏறும் என்று. தோற்று, 1990ல் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார்.

தண்ணீர் இல்லையென்றால் கடல் இருக்கிறது. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

#3 கணக்குப்பிள்ளை

சிறு திருத்தம். தமிழ்நாட்டில் 1.4 அல்ல, 1.8. தேசிய குடும்ப நல ஆய்வு-5, 2019-21. தலைப்புப் பதிவிலேயே இப்படித் தவறான எண் வந்தால் மற்றதை எப்படி நம்புவது?

#4 சும்மா_எட்டிப்பார்த்தேன்

"தாங்கும்" என்றால் என்ன அர்த்தத்தில் பேசுகிறீர்கள் எல்லோரும்? உயிரோடு இருந்தால் போதுமா, ஏசி போட்டுத் தூங்க வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

#5 மின்கம்பம்

வந்துவிட்டாரா கணக்குப்பிள்ளை. போன வருடம் மேட்டூர் 120 அடி நிரம்பியது என்று எழுதினேன். அணையின் உயரம் 214 அடி என்று நான்கு நாள் மல்லுக்கு நின்றவர் இவர். நீர்மட்டம் வேறு, கட்டடம் வேறு என்று கடைசிவரை ஏறவே இல்லை. ஐயா, 1.4 என்பது பதிவாளர் ஜெனரலின் எஸ்.ஆர்.எஸ். (மாதிரிப் பதிவு முறை) அறிக்கை, 2020. நான் வாயில் வந்ததைச் சொல்கிறவன் இல்லை.

தம்பி ஒளிமயம், நெம்மேலி பார்த்திருக்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். 2013ல் அங்கே முதலில் வந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை. கணக்குப் போடுங்கள், தினமும் 3, 4 லட்சம் யூனிட். குடிக்கவும் குளிக்கவும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதன் தண்ணீரைக் குடிப்பதைவிடத் தின்பதுதான் அதிகம். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் என்று சொல்வார்கள். கடல்நீரைச் சுத்திகரித்து நெல் நட்டால் கிலோ அரிசிக்குள் 9 யூனிட் கரண்ட் உட்கார்ந்திருக்கும். ஒரு மூட்டை அரிசியில் ஒரு வீட்டின் மாதக் கணக்கே முடிந்துவிடும். இந்த அரிசியில் 2000 கோடிப் பேருக்குப் பொங்கப் போகிறாராம்.

அப்புறம் ராத்திரி. பேனல் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடும். நம் ஊரில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் அப்போதுதான் விழிக்கும். 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை எவ்வளவு தெரியுமா? 400 மெகாவாட். யானைப் பசிக்குச் சோளப்பொரி. காற்று? ஆடியில் அம்மியும் பறக்கும், உண்மைதான். கார்த்திகையில் முப்பந்தலுக்குப் போய் நின்று பாருங்கள், பாதிக் காத்தாடி தூங்கிக்கொண்டிருக்கும்.

#6 கணக்குப்பிள்ளை

மேட்டூரை இங்கே இழுக்க வேண்டாம். அணையின் உயரம் 214 அடிதான், இன்றைக்கும் அதுதான். கேள்வி 1.8. பதில் வரவில்லை.

#7 டெக்சாஸ்_தமிழன்

வெளியிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தியா 2023ல் சீனாவையே முந்திவிட்டது. இவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. நான் இங்கே மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன், கூரையில் சோலார் இருக்கிறது. தனி மனிதனாக என் பங்கைச் செய்துவிட்டேன். ஊரில் இன்னும் விழிப்புணர்வு வர வேண்டும்.

#8 அவிநாசிக்காரி

பங்கைச் செய்துவிட்டாராம்! அண்ணே, அமெரிக்காவில் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமிலவாயு. இந்தியாவில் 2 டன் பக்கம். உங்கள் ஒரு வீட்டுக்காக நாங்கள் ஒரு தெருவே விழிப்புணர்வு அடையணுமுங்க.

இன்னொன்று. இங்கே 1.4, 1.8 என்று அடித்துக்கொள்கிற அத்தனை பேரும் ஆண்கள்தான் என்று நினைக்கிறேன். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைச் செய்துகொண்டது யார்? தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பெண்கள் செய்திருக்கிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருத்தர்கூடத் தேறமாட்டார். சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் பார்த்து வளர்ந்த தலைமுறை, வெட்டிக்கொண்டது மட்டும் நாங்கள்.

#9 கணக்குப்பிள்ளை

அம்மணி சொன்ன ஆபரேஷன் விவரமும் அதே குடும்ப நல ஆய்வு-5ல் உள்ளதுதான். அதை ஏற்றுக்கொண்டால் 1.8ஐயும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

#10 டெக்சாஸ்_தமிழன்

சகோதரி, ஏன் கோபம்? இங்கே எங்களுக்கும் கஷ்டம் உண்டு. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்து காற்றாலை எல்லாம் உறைந்து, கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோம். பசுமை மின்சாரத்தின் லட்சணம் அன்றே தெரிந்தது.

#11 ஒளிமயம்

தவறு. அன்று டெக்சாஸில் அதிகமாக முடங்கியது இயற்கை எரிவாயு. கிணறு, குழாய், ஆலை எல்லாம் உறைந்தது. காற்றாலையும் கொஞ்சம் உறைந்தது, பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது.

#12 டெக்சாஸ்_தமிழன்

நான் அங்கே இருந்தேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

#13 ஒளிமயம்

கோயம்புத்தூரில், கரண்டோடு.

மின்கம்பம் ஐயாவுக்கு: 2,500 லிட்டரில் பெரும்பகுதி மழையும் நிலத்துக்குள் இறங்குவதும். எல்லாம் கடலிலிருந்து வரணும் என்று யார் சொன்னது? பேட்டரி விலை பத்து வருடத்தில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? 1995ல் ஓய்வு பெற்ற மாதிரியே பேசுகிறீர்கள்.

#14 மின்கம்பம்

2016ல் ஓய்வு பெற்றேன். அந்த வருடம்தான் கமுதியில் 648 மெகாவாட் சோலார் வந்தது. அதையும் போய்ப் பார்த்தேன், கண்கொள்ளாக் காட்சிதான். வெயில் கொட்டுகிற ராமநாதபுரம் சீமை, 2,500 ஏக்கர். ஆனால் 648 என்று பலகையில் எழுதியிருப்பதை வருடம் முழுக்க 24 மணி நேரமும் வருவதாக நினைத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. சராசரியாக அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

தம்பிக்கு இவ்வளவு கோபம் ஏன் வருகிறது என்று கேட்டவர்களுக்கு: அவர் பேனல் விற்கிறவர். போன தீபாவளிக்கு இங்கேயே தள்ளுபடி விளம்பரம் போட்டு மட்டுறுத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இவர் கூரையைப் பிய்த்துப் பேனல் மாட்டிவிட்டுப் பில் கொடுப்பார்.

#15 ஒளிமயம்

ஆமாம், விற்கிறேன். இட்லி விற்கிறவன் பசியைப் பற்றிப் பேசக்கூடாதா? கூரை சோலார் கரண்டை வாரியத்துக்குக் கொடுத்துப் பில்லில் கழிக்கிற நெட்மீட்டருக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஏழு மாதம் நடையாய் நடந்தவன் நான். யாருடைய மேசையில் தூங்கியது என்று சொல்லட்டுமா?

#16 மின்கம்பம்

சொல்லேன் பார்க்கலாம். என் மேசையில் ஒரு கோப்பும் தூங்கியதில்லை.

#17 அவிநாசிக்காரி

உங்கள் பஞ்சாயத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சோலார் பற்றி எங்கள் காட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாரு காலத்தில் கிணறு 60 அடி. அப்பா போர் போட்டது 350 அடி. நாங்கள் போட்டது 1,050. அதிலும் முதலில் புகைதான் வந்தது. மும்முனை கரண்ட் இவ்வளவு நேரம்தான் என்று இருந்தபோது திட்டுவோம். ஆனால் அதுதான் ஒரு கடிவாளமாக இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மானியத்தில் சோலார் மோட்டார் வைத்தார். வெயில் ஓசி, கரண்ட் ஓசி. விடிந்தால் ஓடும், பொழுது சாய்ந்தால் நிற்கும். முன்பு சோளம் போட்டவர் இப்போது வாழை வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, நான் வைத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இரண்டாவது சித்திரையில் எங்கள் போர் நின்றுவிட்டது. புகை இல்லாத மோட்டார்தான், படு சுத்தம். தண்ணீரைத்தான் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

அவர் வீட்டில் ஒரே பிள்ளை. எங்கள் வீட்டிலும் ஒன்றே ஒன்று. இதில் ஜனத்தொகையை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

#18 மின்கம்பம்

சபாஷ் தாயி! இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#19 அவிநாசிக்காரி

இல்லீங்க. நீங்கள் ஜனம் கூடிவிட்டது என்றீர்கள். நான் வேறு சொன்னேன்.

#20 மின்கம்பம்

இரண்டும் ஒன்றுதான் அம்மா, போகப் போகப் புரியும். 1865லேயே ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் நிலக்கரியை வைத்துச் சொல்லிவிட்டார். இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, எரிக்கிற கரி கூடத்தான் செய்யும் என்று. பொருள் மலிந்தால் கை நீளும். எங்கள் வாரியத்தில் குண்டு பல்பு போய் எல்இடி வந்தபோது பில் குறையும் என்றார்கள். வாசலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்பது என்று மாட்டினார்கள்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. சின்னப் பையன்கள் குழிக்குள் இறங்கித் தோண்டுகிற சுரங்கங்களும் அங்கே உண்டு. லித்தியத்துக்குச் சிலியின் அடகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை உறிஞ்சி வெயிலில் காயவைக்கிறார்கள். டெக்சாஸ்காரர் பங்கைச் செய்துவிட்டார், சரி. அவர் பங்குக்கு எங்கோ ஒருத்தன் குழி தோண்டுகிறான்.

#21 ஒளிமயம்

கோபால்ட்டே இல்லாத எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி ஊரெல்லாம் ஓடுகிறது. உங்கள் தகவல் பழசு. நெய்வேலியில் 1950களிலிருந்து பழுப்பு நிலக்கரிக்காக ஊர் ஊராகக் காலி செய்தது மட்டும் உங்கள் கண்ணில் படாது, ஏனென்றால் அது வாரியத்துக்கு வந்த கரண்ட்.

பிறகு, 2000 கோடி என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஐ.நா.வின் 2024 கணிப்பே 2080களின் நடுவில் சுமார் 1030 கோடியில் நின்று இறங்கும் என்கிறது. வரப்போவதில்லாத கூட்டத்துக்கு இங்கே பந்தி நடக்கிறது.

#22 மின்கம்பம்

ஆக, 2000 கோடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறீர்கள்.

#23 ஒளிமயம்

இல்லை. தாங்கும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். வராது என்பது வேறு விஷயம்.

#24 சும்மா_எட்டிப்பார்த்தேன்

அதனால்தான் "தாங்கும்" என்றால் என்ன என்று…

#25 டெக்சாஸ்_தமிழன்

இப்போது பிள்ளை குறைந்தால் நாடாளுமன்றத்தில் இடம் போகும் என்று ஊரில் அழுகிறார்களே. மாநிலங்களின் இட எண்ணிக்கையை 1971 ஜனத்தொகைக் கணக்கில் உறையவைத்தது 2026வரைதான். கட்டுப்பாடாக இருந்ததற்கு இதுதான் பரிசு. இதைப் பற்றி யாரும்…

#26 மட்டுறுத்துநர்

தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். #15, #16 இருவரும் அலுவலக விவகாரத்தைத் தனிமடலில் தீர்த்துக்கொள்ளவும்.

#27 கணக்குப்பிள்ளை

இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். எஸ்.ஆர்.எஸ். 2020ல் 1.4 என்று இருப்பது உண்மைதான். ஆனால் மின்கம்பம் முதல் பதிவில் எந்த அறிக்கை என்று குறிப்பிடவில்லை. குறிப்பிடாதவரை 1.8தான்.

#28 மின்கம்பம்

1.4.

இதற்கு இன்னும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நைட்ரஜன் உரம், அதைச் செய்ய வேண்டிய இயற்கை எரிவாயு, அந்த உரம் இல்லாவிட்டால் உலகத்தில் பாதிப் பேருக்குச் சோறு இல்லை என்பதை இன்னும் நான் தொடவே இல்லை. தோட்டத்தில் மும்முனை வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும். வந்து எழுதுகிறேன்.

#29 அவிநாசிக்காரி

உங்கள் போர் எத்தனை அடிங்க?

#30 ஒளிமயம்

#14ல் என் தொழிலைப் பற்றி எழுதியதை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை இந்த இழையில் எழுதப்போவதில்லை.

#31 ஒளிமயம்

எல்எஃப்பி பற்றி மட்டும் ஒன்று விட்டுப்போய்விட்டது.