மல்டிமீடியா அட்லஸ்: பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

ரோஸ் ஹில், மொரீசியஸிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். எங்கள் பள்ளியில் பழைய வீட்டுக் கணினிகளை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்துகிறோம். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை. விசைப்பலகை, நெகிழ்வட்டு (ஃபிளாப்பி), குறுந்தகடு (சி.டி.) எல்லாம் முடிந்தது. மல்டிமீடியா அட்லஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 1990களில் குறுந்தகட்டில் வந்ததே, திரையில் உலகப்படம் தெரியும், ஒரு நாட்டைச் சொடுக்கினால் கொடி வரும், பாட்டு ஒலிக்கும், ஊர்ப்பெயரை ஒரு குரல் சொல்லிக் காட்டும், அதுதான். 'பல்லூடக நிலவரைபடத் தொகுப்பு மென்பொருள்' என்று எழுதிப் பார்த்தேன், சீட்டில் இடம் போதவில்லை. படிக்கப்போவது வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசும் பத்து வயதுப் பிள்ளைகள். உதவுங்கள்.

டர்பன், தென்னாப்பிரிக்காவிலிருந்து

தங்கைக்கு வணக்கம். முதலில் அட்லஸ் என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். நிலப்பட வல்லுநர் மெர்க்காட்டர் தம் நிலப்பட நூலுக்கு வைத்த பெயர் அது. நூல் 1595இல் வெளிவந்தது. அவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். தோளில் வானத்தைச் சுமக்கும் கிரேக்கப் பூதத்தைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் மெர்க்காட்டர் நினைத்தது மொரிட்டானியாவை ஆண்டதாகச் சொல்லப்படும் அட்லஸ் என்ற அரசனை. வானநூல் கற்றவன் அவன். அது வட ஆப்பிரிக்கா, உங்கள் தீவு அல்ல. உங்கள் தீவுக்கு 1598இல் டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை வைத்தார்கள்.

எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. கீழேழு உலகங்களில் முதலாவது அதலம். அதலம், அட்லஸ்: இரண்டிலும் உலகத்துக்கு அடியில் நிற்பது என்ற கருத்து இருக்கிறது. தலம், தளம், தாள் என்று இந்த வேர் நம்மிடம் பரந்து கிடக்கிறது. யாராவது ஆராய வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'படம்' வேண்டாம். அது துணியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஞாலம் இருக்கிறதே! ஞாலுதல் என்றால் தொங்குதல். வெளியில் தொங்கும் உருண்டை ஞாலம். ஏடுகளைச் சேர்த்துக் கட்டியது சுவடி. ஆகவே ஞாலச்சுவடி. ஒரே மூச்சில் சொல்லலாம், சீட்டிலும் அடங்கும்.

சேன் தெனி, ரெயூனியனிலிருந்து

ஐயா, ஒலி ஒத்திருந்தால் உறவாகிவிடாது. அதோடு, படத்தை வடசொல் என்று விலக்கிவிட்டு அதலத்தை வைத்து ஆராய்வது எப்படிப் பொருந்தும்? அதலமும் வடசொல்தானே. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். எழுத்தை நம்முடையதாக்கிக்கொண்டால் சொல் நம்முடையது. அட்லசு என்று எழுதுங்கள் அக்கா. இலங்கைப் பாடநூல்களில் நிலப்படத்தைத் தேசப்படம் என்கிறார்கள், குறுந்தகட்டை இறுவட்டு என்கிறார்கள். ஒரே பொருளுக்கு ஏற்கெனவே இத்தனை பெயர். இன்னொன்று எதற்கு?

ரோஸ் ஹில்லிலிருந்து மறுபடியும்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சின் 'லா காஸ்' எங்கள் கிரியோலில் 'லகாஸ்' ஆகி வீடு என்று பொருள் தருகிறது. 'லா தாப்ல்' மேசையாகி 'லதாப்' ஆனது. இங்கே யாரும் அதைக் கடன் என்று நினைப்பதில்லை. ஆனாலும் அட்லசு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அட்லஸ் என்றால் புத்தகம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தப் பொருள் ஏன் புத்தகம் இல்லை என்பதைத்தான் சீட்டு சொல்ல வேண்டும். முதல் வீட்டுக் கணினிகளில் உலகப்படம் எவ்வளவு முரடாக இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலவாக்கில் 320 புள்ளிகள் உள்ள திரை. பூமியின் நடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஒரு புள்ளிக்கு 125 கிலோமீட்டர் வருகிறது. எங்கள் தீவு வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். அரைப்புள்ளி! எங்கள் நாட்டைச் சேர்ந்த சின்ன ரொத்ரீக் தீவு தெரியவே தெரியாது. 640 புள்ளித் திரை வந்த பிறகுதான் மொரீசியஸுக்கு ஒரு முழுப்புள்ளி கிடைத்தது. சிறு வயதில் அந்தத் திரையில் என் ஊரைத் தேடித் தேடி, கடல் நீலத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அப்புறம் குறுந்தகடு வந்தது. அதில் 650 மெகாபைட் இடம், 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகள் 450 அடுக்கினால்தான் அவ்வளவு. அந்த இடம் கிடைத்ததால்தான் குரலும் இசையும் நிறையக் கொள்ள முடிந்தது. பட்டியலில் மொரீசியஸைச் சொடுக்கியதும் எங்கள் நாட்டுப்பண் கேட்டது. அரைப்புள்ளியாக இருந்த தீவு குரல் கொடுத்தது. அந்த மாற்றம் சொல்லில் இருக்க வேண்டும். 'பேசும் நிலப்படம்' என்று வைக்கலாமா? பேசும் படம் என்று சினிமாவுக்குத் தமிழர்கள் அன்றே சொன்னார்கள், யாரும் தடுமாறவில்லை. நிலம், படம், பேசு மூன்றும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள். சுவடி தெரியாது ஐயா. அதைக் கற்பிக்க நான் தயார், ஆனால் சீட்டு முன் நிற்கும் அரை நிமிடத்தில் முடியாது.

டர்பனிலிருந்து

தங்கையின் கணக்கு என்னை அசைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு குறை. ஒன்று, நிலப்படம் ஒற்றைப்படம்; அட்லஸ் ஒரு தொகுதி. அந்தப் பொருள் விழுந்துவிட்டது. இரண்டு, 1980களில் நெகிழ்வட்டில் வந்த பொருள்கள் பெரும்பாலும் பேசவில்லை, பலவற்றில் பீப் என்ற ஒலி மட்டும்தான். அவற்றை என்னவென்று சொல்வீர்கள்? நான் ஞாலச்சுவடியைக் கைவிடவில்லை.

சேன் தெனியிலிருந்து

இன்னும் அட்லசு பக்கம்தான். வெள்ளிக்கிழமை நெருங்குவதால் பேசும் நிலப்படத்துக்கு என் கையும் சேரட்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து, வியாழன் இரவு

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தனிமடலில் எழுதிய மூவரும் பேசும் நிலப்படத்தையே சொன்னார்கள். ஐயாவின் இரண்டாவது குறை சரியானது. எங்கள் மேசையில் உள்ள நெகிழ்வட்டுப் பொருளுக்கு 'நிலப்படத் தொகுதி' என்று தனிச் சீட்டு எழுதினேன். அதில் மொரீசியஸின் நாட்டுத் தலைவராக எலிசபெத் அரசியார் இருக்கிறார். நாங்கள் குடியரசானது 1992 மார்ச் 12. வட்டு அதற்கு முந்தையது. இதையும் சீட்டின் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். முதல் குறைக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை, ஐயா.