மறு: மறு: லிவர்வொர்ட்டுக்கு என்ன பேருங்க? திங்கக்கெழம அச்சு

பொள்ளாச்சி:
வணக்கமுங்க. ஒரு ஸ்கூலுக்கு மலைக்காட்டுச் செடிங்க பத்தி போர்டு எழுதிக் குடுக்கறேன், அதுல ஒண்ணு அழியற நெலமைல இருக்கற லிவர்வொர்ட், மாஸ் மாதிரி பூக்காத சின்னச் செடி. எக்வடார்ல டோப்போங்கற ஆத்தோரம் 1857ல ஸ்புரூஸ்ங்கற தாவர ஆய்வாளர் எடுத்த மிரியோகோலியா இர்ரோராட்டா, புதர்க்குச்சி மேல ஒட்டி வளர்றது, நூறு வருசத்துக்கு மேல கழிச்சுத்தான் மறுபடி கண்ணுல பட்டுது, இப்ப அந்த ஆத்துல மின்சாரத் திட்டம். எல்லாம் எழுதிட்டேன், லிவர்வொர்ட்டுக்குத் தமிழ்ப் பேருதான் நிக்குது.

பெருந்துறை:
ஈரற்பூண்டு. லிவர்னா ஈரல், வொர்ட்னா பழைய இங்கிலீசுல செடி. லகரம் றகரமாகும், 'ஈரல்ப்பூண்டு'ன்னு போட்டு மானத்த வாங்கிறாதீங்க.

திருப்பூர்:
ஐயா, ஞாயித்துக்கெழம கறிக்கடையிலிருந்து வந்த மாதிரி இருக்குதுங்க. பசங்களுக்குப் பூண்டுன்னா ரசத்துல போடறதுதான்.

பெருந்துறை:
புல்பூண்டு கூட மொளைக்கலீன்னு சொல்றீங்களே, அதென்ன ரசத்துலயா மொளைக்குது?

வால்பாறை:
எஸ்டேட்ல பாறைல மரத்துல பச்சையா ஒட்டுனா எல்லாமே பாசம்தானுங்க. பாசம் வழுக்கும், பாத்து வான்னுதான் அம்மா சொல்லும்.

பெருந்துறை:
ஆகா! ஈரத்துக்கும் அன்புன்னு பொருள், குறள் 91 பாருங்க. பாசமும் அன்பு. நனைஞ்ச எடத்துலெல்லாம் தமிழன் அன்பை வெச்சிருக்கான். ஈரல், ஈரம் ரெண்டும் ஒரே வேர்தான்னு நான் முப்பது வருசமா சொல்றேன்

கோயமுத்தூர்:
அன்புன்னு வர்ற பாசம் வடமொழிக் கயிறுங்கய்யா, வழுக்கற பாசம் பசுமையிலிருந்து வந்தது. அத விடுங்க. ஈரல்ங்கறதே எனக்கு ஒதைக்குது. அது மார்கேன்சியாங்கற லிவர்வொர்ட் மாதிரி தட்டையா மடல்மடலா இருக்கறதப் பாத்து வெச்ச பேரு, ஆனா லிவர்வொர்ட்ல பாதிக்கு மேல இலை வெச்சதுங்க, இந்த இர்ரோராட்டாவும் இலை வகைதான். இன்னொண்ணு, ஈரல் மாதிரி இருக்குதுன்னு ஐரோப்பாக்காரங்க ஈரல் நோவுக்கு மருந்தாவே நம்பினாங்க. நம்மூர்ல காமாலைன்னா கீழாநெல்லி தேடி ஓடற சனம், போர்டுல ஈரல்னு பாத்துட்டு மரத்தைச் சொரண்டாதுங்களா?

திருப்பூர்:
அப்ப வேரிலி?

கோயமுத்தூர்:
மாஸுக்கும் வேர் இல்லீங்களே, ரெண்டுக்கும் வேரிழைதான்.

பெருந்துறை:
புறத்துல காழ், அதாவது வைரம், இருந்தா புல்லு, அகத்துல இருந்தா மரம், இது தொல்காப்பியம். இதுக்கு ரெண்டுலயும் வைரம் இல்ல. காழிலி!

வால்பாறை:
காலிலின்னு படிச்சுட்டேனுங்க, மன்னிச்சுக்கோங்க.

பொள்ளாச்சி:
'ஈரலி'ன்னு மூணு பேரு தனியா மெயில் போட்டிருக்கீங்க, சின்னதா இருக்குது, அதையே வெச்சுக்கறேன். கோயமுத்தூர் அண்ணன் சொன்னதுக்காகக் கீழ 'இது மருந்து இல்லை, பறிக்காதீர்கள்'னு ஒரு வரி சேத்தாச்சு.

கோயமுத்தூர்:
பேரே சரியா இருந்தா அந்த வரி வேண்டியதில்லீங்களே. சரி, போடுங்க.

பெருந்துறை:
நான் காழிலியிலதான் நிக்கறேன். அப்புறம் இதோட சொந்தக்காரச் செடி ஹார்ன்வொர்ட், அதுக்கு ஒரு போர்டும் இருக்குதுன்னீங்களே, அதுக்குக் கொம்பலின்னு மட்டும் போட்றாதீங்க, ராத்திரிக்கு விரிவா எழுதறேன்.