கடல் பார்க்காத பிள்ளைகளுக்கு அலையாத்திக் காட்டை எப்படிச் சொல்வது?

கோபி வாத்தியார்:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் நாள். ஆறு கடலில் சேரும் உப்புச் சேற்றில் வளரும் மரக்காடுதான் அலையாத்திக் காடு. போன வருஷமும் கொண்டாடினோம்: பேனர், உறுதிமொழி, ஓவியப் போட்டி. முதல் பரிசு வாங்கிய படத்தில் அலையாத்தி மரத்தில் தேங்காய் காய்த்திருந்தது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை, நானே அந்தக் காட்டை நேரில் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் 31 பேர், அதில் கடல் பார்த்தவர்கள் நான்கு பேர். 2004 சுனாமியில் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று சொன்னால், அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, பாட்டி கதை மாதிரி கேட்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தன், "சார், நம்மூருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். பெல் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நொய்யல்கரை:
வாத்தியாரே, நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பதில் உங்கள் ஊர் வாய்க்காலிலேயே ஓடுகிறது. கொடிவேரியில் குளிக்காத பிள்ளை இருக்கிறதா? அந்த பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. கீழே எங்கள் நொய்யலும், அப்புறம் அமராவதியும் வந்து சேர்கின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. அது கடலைத் தொடும் இடத்துக்கும் வெள்ளாற்று முகத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம். அதாவது அந்தக் காடு நம் ஆற்றின் கடைமடை.

நான் திருப்பூரில் 19 வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவன். துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நான் தூக்கிய உப்பு மூட்டைக்குக் கணக்கில்லை. அவ்வளவும் கழிவோடு ஆற்றுக்குத்தான் போனது. "விடப்பா, கடலுக்குத்தானே போகுது" என்பார் முதலாளி. கடலுக்குப் போகும் வழியில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. 2011-ல் கோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடியபோது எனக்கும் வேலை போனது. அன்றைக்கு ஆற்றைப் பற்றிப் பேசியவர்களையெல்லாம் திட்டினேன்.

ரெண்டு வருஷம் முன்னால் மகள் வீட்டுக்குச் சிதம்பரம் போனபோது பிச்சாவரத்தில் படகு ஏறினேன். துடுப்புப் போட்டவர் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கிளையைக் காட்டி, "இலையைத் தொட்டு நாக்கில் வையுங்க" என்றார். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக மரமே வெளியே தள்ளுகிறதாம். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. நம் சாயம்தான் அந்தக் காட்டைக் கெடுத்தது என்று சொல்ல வரவில்லை, அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம். ஆனால் நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால் அங்கே உப்பு கூடும். கூடினால் சுரபுன்னை போன்ற மற்ற அலையாத்தி மரங்கள் நலிந்து, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல்தான் மிஞ்சும்.

அமராவதிக் கரை:
எல்லாம் சரிங்க. எங்களுக்கே ஒரு போகத்துக்குத் தண்ணீர் பற்றவில்லை. காட்டுக்கு என்று கடலில் விடச் சொன்னால் எந்த விவசாயி கேட்பான்? இதைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிள்ளையின் அப்பனே சண்டைக்கு வருவான்.

சீர்காழி மருமகள் (இப்போது ஈரோடு):
அமராவதி அண்ணா, கோபம் நியாயம்தான். ஆனால் கடலில் கலப்பது எல்லாமே வீண் என்று சொல்லாதீர்கள். இறால் குஞ்சும் நண்டும் மடவையும் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான். எங்கள் பக்கத்து மீனவர் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது.

வாத்தியார் சார், "மரம் நடுவோம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பிச்சாவரத்தில் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் உள்வாங்கிப் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியில்லாமல் நின்று வற்றி, உப்பு ஏறி, எந்தச் செடியும் பிழைக்காமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். கன்று நட்டது அதற்குப் பிறகுதான். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரே நிமிஷத்தில் புரியும்.

ஒரு தட்டில் களிமண் பரப்பி, பாதியில் ஈர்க்குச்சிகளை நெருக்கமாகக் குத்தி, தண்ணீரைத் தள்ளி, காடு அலையை எப்படித் தடுக்கிறது என்று காட்டுங்கள். கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. கோவை–மயிலாடுதுறை ஜன் சதாப்தி ஈரோட்டில் நிற்கும், மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ். படகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் வெயில் தாங்காது.

கோபி வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றிங்க. பேனர் இந்த வருஷம் கிடையாது. நேற்று அந்தக் கடைசி பெஞ்ச்காரனைக் கூப்பிட்டு, கொடிவேரியிலிருந்து பிச்சாவரம் வரை கரும்பலகையில் ஆற்றைக் கோடு போடச் சொன்னேன். முக்கொம்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றான். எனக்கும் வரைபடம் பார்க்க வேண்டியிருந்தது. அமராவதி அண்ணா சொன்ன சண்டையையும் வகுப்பில் ரெண்டு கட்சியாகப் பிரித்துப் பேச விடப் போகிறேன். ரயிலில் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், டிக்கெட்டுக்கு யார் தருவார்கள் என்கிறார் தலைமையாசிரியர். அதைப் பற்றி இங்கே தனியாக ஒரு விவாதத் திரி போடுகிறேன்.