ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்பதற்குப் பின்னால் வரும் வினைக்கு ‘இங்’ (-ing) விகுதிதானே வர வேண்டும்? என் கடிதத்தில் எங்கே தவறு?

துறைமுகக் குமாஸ்தா (சயான் கோலிவாடா, மும்பை):

வணக்கம். நவசேவா துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களுக்குச் சுங்க வேலை முடித்து வெளியே எடுத்துக்கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். அலுவலகம் பேலாப்பூரில். கணக்கில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆங்கிலக் கடிதம் என்றால் மட்டும் இன்னும் கை நடுங்கும்.

போன வாரம் சாக்கனில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போன கன்டெய்னரில் நான்கு அட்டைப்பெட்டிகள் குறைந்தன. வழியில் கன்டெய்னர் கதவின் ‘சீல்’ முத்திரையை யார், எங்கே பார்த்தார்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார். டிரைவரைப் போனில் பிடித்தேன். ‘பன்வேல் தாண்டி, டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்திச் சீலைப் பார்த்தேன், அப்படியே இருந்தது’ என்றார். அதை நான் இப்படி எழுதி அனுப்பினேன்:

‘த டிரைவர் ஸ்டாப்ட் செக்கிங் த சீல் ஆஃப்டர் பன்வேல்.’

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘பன்வேலுக்குப் பிறகு ஏன் சீலைப் பார்க்கவில்லை?’ என்று ஒரே ஒரு கேள்வி. காப்பீட்டு ஆய்வாளருக்கும் நகல் போயிருந்தது. மேலாளர் அதை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் படித்த வழிகாட்டியில் ‘எஞ்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், ஸ்டாப் ஆகியவற்றுக்குப் பின் எப்போதும் இங்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அதை நம்பித்தான் எழுதினேன். எது தவறு, நானா, புத்தகமா?

மாட்டுங்கா டீச்சர்:

தம்பி, புத்தகம்தான். ‘எப்போதும்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே அதை மூடிவைத்திருக்க வேண்டும். ஆனால் தாராவிப் பிள்ளைகளுக்கு 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்திய நானும் அதே பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள்தான். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

‘ஸ்டாப்’ என்பதற்குப் பின்னால் இரண்டும் வரும். பொருள்தான் தலைகீழாகிவிடும். ‘ஸ்டாப்ட் செக்கிங்’ என்றால் பார்ப்பதை நிறுத்தினார். ‘ஸ்டாப்ட் டு செக்’ என்றால் பார்க்க நின்றார். இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பார்க்க’, ‘பார்ப்பதை’. முதலாவது வினையெச்சம். இரண்டாவது தொழிற்பெயர், பெயர் என்பதால்தான் ‘ஐ’ உருபை ஏற்றுக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘டு’ சேர்ந்த இன்ஃபினிட்டிவும் ‘இங்’ சேர்ந்த ஜெரண்டும் பெரும்பாலும் இந்த இரண்டு நாற்காலிகளில்தான் உட்காருகின்றன.

‘டு’ என்பது இன்று வெறும் ஒட்டுப்போலத் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘நோக்கி’ என்று பொருள் தந்த சொல். கிட்டத்தட்ட நம் ‘கு’ உருபு. அதனால் ‘டு’ வரும் இடத்தில் வேலை பெரும்பாலும் இன்னும் முன்னால் கிடக்கும். ‘இங்’ வந்தால் அந்த வேலை நடந்துவிட்ட, நடந்துகொண்டிருக்கிற, கையில் பிடித்துப் பேசக்கூடிய ஒரு பொருள் மாதிரி.

வகுப்பில் நான் சொல்லும் சோதனை இது. ‘பில்லை அனுப்ப மறந்தேன்’: ‘ஃபர்காட் டு செண்ட்’. பில் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. ‘பில்லை அனுப்பியதை மறந்தேன்’: ‘ஃபர்காட் செண்டிங்’. பில் போய்விட்டது, உங்களுக்குத்தான் நினைவில்லை. பணம் தர வேண்டியவரிடம் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று: ‘செய்ய ஒப்புக்கொண்டான்’ என்றால் ‘அக்ரீட் டு டூ’. ‘செய்ததை ஒப்புக்கொண்டான்’ என்றால் ‘அட்மிட்டட் டூயிங்’. தமிழில் வினை ஒன்றுதான், எச்சமும் பெயரும் மாறியதும் ஒருவன் உதவிக்கு வருகிறான், இன்னொருவன் போலீஸ் நிலையத்தில் நிற்கிறான். ஆங்கிலத்தில் வினையே மாறிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டிரை’. ‘டிரைட் டு ஓப்பன் த டோர்’: கதவைத் திறக்க முயன்றார், திறக்கவில்லை போலிருக்கிறது. ‘டிரைட் ஓப்பனிங் த டோர்’: கதவைத் திறந்து பார்த்தார், காற்று வருமா என்று. இந்தத் ‘திறந்து பார்த்தார்’ நமக்கு எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள்.

ஹார்பர் லைன் பயணி:

அண்ணாச்சி, டீச்சர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நம்பி வங்கித் தேர்வுக்குப் போனால் என்னைப்போல் மதிப்பெண்ணை இழப்பீர்கள். ‘மேனேஜ்’ என்ற சொல்லை எடுங்கள். ‘ஐ மேனேஜ்ட் டு கேட்ச் த 8.12 லோக்கல்’. வண்டியைப் பிடித்தாகிவிட்டது, வேலை முடிந்தாகிவிட்டது, பிறகும் ‘டு’தான். ‘போஸ்ட்போன்’ எடுங்கள். வேலை இன்னும் தொடங்கவே இல்லை, ஆனாலும் ‘போஸ்ட்போன்ட் கோயிங்’. முன்னால் கிடப்பது, பின்னால் கிடப்பது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மாட்டுங்கா டீச்சர்:

‘மேனேஜ்’ சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘போஸ்ட்போன்’ விஷயத்தில் மட்டும் தமிழைக் கேட்டிருக்கலாம். ‘போக ஒத்திவைத்தேன்’ என்று யாராவது சொல்வார்களா? ‘போவதை ஒத்திவைத்தேன்’ என்றுதானே வருகிறது? ‘தவிர்’ என்ற சொல்லும் அப்படியே. ‘போவதைத் தவிர்த்தேன்’, ‘அவாய்டட் கோயிங்’. ‘மறு’ என்பது மறுபக்கம். ‘போக மறுத்தேன்’, ‘ரெஃப்யூஸ்ட் டு கோ’.

நம் காது கைவிடும் இடங்கள் உண்டு. அங்கே மட்டும் பட்டியல் போடுங்கள், மிகச் சிறியதாக இருக்கும். முதல் பெயர் ‘சஜஸ்ட்’. நாம் ‘டாக்டரிடம் போகச் சொன்னார்’ என்று நினைத்து ‘சஜஸ்டட் டு கோ’ என்று எழுதிவிடுகிறோம். ‘சஜஸ்டட் கோயிங்’ என்பதுதான் சரி. இரண்டாவது ‘ஃபினிஷ்’. நமக்குச் ‘சாப்பிட்டு முடித்தேன்’ என்று வரும், எச்சமும் வேறு, வழியும் வேறு. அங்கே ‘ஃபினிஷ்ட் ஈட்டிங்’. மூன்றாவது பயணித் தம்பியின் ‘மேனேஜ்’. ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ இரண்டையும் பற்றிக் கவலையே வேண்டாம், எதைப் போட்டாலும் பெரும்பாலும் பொருள் மாறாது.

துறைமுகக் குமாஸ்தா:

நன்றி டீச்சர். நேற்றிரவே திருத்தி அனுப்பிவிட்டேன். ‘த டிரைவர் ஸ்டாப்ட் நியர் பன்வேல் டு செக் த சீல் அண்ட் ஃபவுண்ட் இட் இன்டாக்ட்.’ காலையில் ‘நோட்டட்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. மேலாளர் இப்போதும் பேசவில்லை, ஆனால் அந்த அச்செடுத்த தாள் மேசையில் இல்லை.

இதையும் கேட்டுவிடுகிறேன். எல்லாக் கடிதத்தின் அடியிலும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று போடுகிறேன். ‘டு’ இருக்கிறதே, இது சரிதானே?

மாட்டுங்கா டீச்சர்:

இல்லை தம்பி. ‘டு ஹியரிங்’ என்று வர வேண்டும். இந்த ‘டு’ வினையோடு சேர்ந்தது அல்ல, பழைய ‘கு’வாகவே இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’, நிற்கிறது. ‘வான்ட் டு யுவர் ரிப்ளை’, விழுந்துவிடுகிறது. பெயர் நிற்கும் இடத்தில் வினை வந்தால் அதற்குப் பெயர் வேடம், அதாவது ‘இங்’, போட வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்’, அதாவது ஓட்டிப் பழகிவிட்டேன், என்பதும் இதே கணக்கு. ‘ஐ யூஸ்ட் டு டிரைவ்’ வேறு கதை: முன்பு ஓட்டினேன், இப்போது இல்லை.

துறைமுகக் குமாஸ்தா:

அனுப்பிய கடிதங்களின் பெட்டியில் தேடிப் பார்த்தேன். இந்த ஆண்டு மட்டும் ‘டு ஹியர்’ 212 இடங்களில் இருக்கிறது. மேலாளருக்குத் தெரிய வேண்டாம்.